மாமாவின் பாவத்தை விமானத்தில் கொண்டுபோன கதை

மயிலிட்டிக்குப் போக வேண்டிய நான், மயிலிட்டியின் தலைமாட்டிலேயே வந்து இறங்கி, பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏறிப் போனேன். பலாலி விமான நிலையத்துக்கும் மயிலிட்டிக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான் என்பது அங்கே மேய்கிற மாடுகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. திருச்சியில் உட்கார்ந்து வரைபடத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்த எனக்குத் தெரியவில்லை.

இது சின்ன முட்டாள்தனம். பெரிய முட்டாள்தனம் அதற்கு முன்பே நடந்துவிட்டது: இன்னொருவர் செய்த பாவத்துக்கு மன்னிப்பு வாங்கி வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வெளிநாடு போகிறவனிடம் முறுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்புவதுபோல என் மாமனார் தன் பாவத்தைக் கொடுத்தனுப்பினார். நானும் கனம் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாமனார் அந்தோனிப்பிள்ளை மயிலிட்டிக்காரர். சண்டைக் காலத்தில் ஊரே எழும்பி ஓடியபோது படகில் ஏறி இந்தியாவுக்கு வந்து, திருச்சியில் தங்கி, மகளை எனக்குக் கட்டிக்கொடுத்தவர். இத்தனை வருடம் காவிரித் தண்ணீர் குடித்தும் அவர் தமிழ் ஒரு சொட்டுக்கூடத் திருச்சித் தமிழாகவில்லை. இப்போது இதயத்தில் அடைப்பு. ஈஸ்டர் முடிந்ததும் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் நல்ல பாவசங்கீர்த்தனம் ஒன்று செய்துவிட வேண்டும் என்று தபசு காலத்தில் எங்கள் பங்குச் சாமியாரிடம் போனார்.

உள்ளே என்ன நடந்தது என்பது ரகசியம். ஆனால் மாமா வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டு அவராகவே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சாமியாருக்குத்தான் வாய்ப்பூட்டு, பாவிக்கு இல்லையே.

"நான் வேலி அரக்கினனான் மருமோன்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மாமா விளக்கினார். யாழ்ப்பாணத்து வேலிக்கு உயிர் உண்டு. பூவரசங்கொம்பை வெட்டி வரிசையாக நடுவார்கள், அதற்குக் கதியால் என்று பெயர். அது வேர்விட்டுத் தழைக்கும். இடையில் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, வைத்து அடைப்பார்கள். வருடா வருடம் கிடுகை மாற்றும்போது பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதிது நட வேண்டும். பழைய குழியிலேயே நடலாம். ஒரு விரற்கடை தள்ளிப் பக்கத்து வளவுக்குள்ளும் நடலாம். மாமா விரற்கடைக் கட்சி.

"எத்தனை வருஷம் மாமா?"

"கலியாணம் முடிச்ச வருசம் துடக்கம் ஊரை விட்டு ஓடுமட்டும்."

ஒருவர் நிலத்தை ஒரே நாளில் பிடுங்கினால் அது கொள்ளை. விரற்கடை விரற்கடையாக, ஞாயிறு பூசைக்குப் போய்க்கொண்டே பிடுங்கினால் அது வேலி திருத்துதல். அடுத்த வளவுக்காரர் மரியதாஸ். அவர் வீட்டிலிருந்து பின்பக்கத்துப் பொதுக் கிணற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை மொத்தமும் நாளடைவில் மாமாவின் வேலிக்குள் வந்துவிட்டதாம்.

எங்கள் சாமியார் இளைஞர், கண்டிப்பானவர். "எடுத்ததைத் திருப்பிக் கொடுங்க, போய் மன்னிப்புக் கேளுங்க, பிறகு வாங்க பெரியவரே," என்று சொல்லி, பாவமன்னிப்புக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார். விமானத்தில் ஏறினால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். ஏறாவிட்டால் ஆத்துமத்துக்கு ஆபத்து என்றார் சாமியார். இரண்டு பேருக்கும் நடுவில் விடுமுறை பாக்கி வைத்திருந்த மருமகன் ஒருவன் நின்றான்.

"மேசையிலை வெட்டேக்கை கண்ணை மூடினனெண்டால், வேலியோடை மேலை போகேலாது மருமோன்," என்றார் மாமா. அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்துத்தான் சரி என்றேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அந்தப் பக்கத்து நண்டு பற்றி மாமா வருடக்கணக்காகச் சொல்லி வந்த வர்ணனைகளும் என் மனதில் ஓடின.

நண்டை நினைத்துப் புறப்பட்டவனுக்குத் தங்க இடம் கிடைத்தது நல்லூரில். முருகன் கோயிலுக்கு அருகே, சைவ வீடு. முட்டைகூட வாசற்படலை தாண்டி உள்ளே வராது. காலையில் இடியப்பமும் சொதியும் வந்தன. திருச்சியில் இடியப்பத்துக்குச் சர்க்கரை போட்டுத் தின்னும் எங்களைப் பற்றி வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னபோது, நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஆட்டோ வந்தது. ஐஸ்கிரீம் என்று நினைத்து ஓடினேன். உள்ளே முழுக்கப் பாண். ரொட்டி விற்க இவ்வளவு உருக்கமான சங்கீதம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே ஒரு றாத்தல் வாங்கி வந்தேன்.

வீட்டுக்கார அம்மா நான் வந்த காரணத்தைக் கேட்டார். சொன்னேன்.

"அப்ப உங்கடை ஆக்கள் செய்ததெல்லாத்தையும் வாயாலை சொல்லோணுமோ?"

"ஆமாம்மா."

"வேறை ஒரு மனிசனுக்கோ?"

"ஆமாம்மா. சாமியாருக்கு."

"எங்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லைத் தம்பி. முருகனுக்கு முன்னாலை நிண்டா அவருக்கே தெரியும். நாங்கள் ஏன் வாயைக் குடுப்பான்?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் உந்த வேலி விசயம் மட்டும் முருகனுக்கும் நாங்கள் சொல்லுறேல்லை," என்றார். சன்னல் வழியே அவர் வீட்டு வேலியைப் பார்த்தேன். அது மதிலாகிவிட்டிருந்தது. மதில் லேசாக வளைந்திருந்தது.

மயிலிட்டிக்குக் கூட்டிப் போனவர் நிசாம் என்கிற ஆட்டோக்காரர். யாழ்ப்பாணப் பட்டணத்து முஸ்லிம். நான் பஸ் ஏறிய கதையைச் சொன்னதும் ஆட்டோ குலுங்கச் சிரித்தார். "நேத்து நீங்கள் இறங்கின இடத்துக்குத்தான் அண்ணை இப்ப திரும்பப் போறம்!" என்றார். சிவப்பு மண்ணில் வெங்காயமும் வாழையும் ஓடிக்கொண்டிருந்தன. என் பயணத்தின் புனித நோக்கத்தை அவருக்கும் விளக்கினேன். எனக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது. பாவம் செய்யாமலே மனந்திரும்பி வந்திருக்கும் ஒரே மனிதன் நான் என்கிற பெருமை.

நிசாம் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தார்.

"எங்கடை ஆக்களை ஊரை விட்டுக் கலைச்ச கதை தெரியுமோ அண்ணை?"

"படிச்சிருக்கேன். சண்டைக் காலத்துல முஸ்லிம்களை மொத்தமா வெளியேத்தினது."

"எங்கடை வாப்பா கடையைப் பூட்டித் திறப்பைக் கையிலை வச்சுக்கொண்டு நடந்தவர். புத்தளத்திலை மவுத்தாகுமட்டும் அந்தத் திறப்பு அவரின்ரை தலையணைக்குக் கீழைதான் கிடந்தது. நாங்கள் திரும்பி வந்து பாத்தா, பூட்டும் இல்லை, கதவும் இல்லை." ஒரு மாட்டுக்கு வழிவிட்டு ஆட்டோவை வளைத்தார். "ஒரு வேலிக்குப் பிளேனிலை ஆள் அனுப்புறாங்கள். எங்கடை தெருவுக்கு இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் பெருமை வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

மயிலிட்டி நிலம் பல வருடம் இராணுவத்திடம் இருந்து, பிறகு திரும்பக் கிடைத்தது. புது வீடுகளுக்கு நடுவே கூரையில்லாத பழைய சுவர்கள் நிற்கின்றன. காற்றில் மீன் வாடை. வலைக் குவியல் பக்கத்தில் சாரம் என்கிற லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மரியதாஸ் அண்ணை அவர்தான்.

"அந்தோனிப்பிள்ளையின்ரை மருமோனோ! அட கடவுளே! வாரும், இரும்! றோசலின், ஆர் வந்திருக்கினமெண்டு பார்!"

உட்காரக் கதிரை வந்தது. தேத்தண்ணீர் வந்தது. கொண்டு வந்த அவர் மனைவி றோசலின் அக்கா என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுக் குசினி என்கிற சமையலறைக்குள் போய்விட்டார். நான் விமானத்திலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு உரையைத் தொடங்கினேன். மாமாவின் மனவேதனை, பிறர் பொருள், கிறிஸ்துவின் போதனை என்று நன்றாகவே எழுதியிருந்தேன். முதல் வரியிலேயே மரியதாஸ் கையைக் காட்டினார்.

"வேலியோ? அங்கை பாரும்."

திரும்பிப் பார்த்தேன். வளவின் ஓரத்தில் பெரிய பூவரச மரங்கள் வரிசையாக நின்றன. மஞ்சள் பூவும் இதய வடிவ இலையுமாய், இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரங்கள். மாமா தள்ளி நட்ட கதியால்கள்தான். வெட்டிவிட ஆளில்லாமல் இத்தனை வருடமும் வளர்ந்து மரமாகிவிட்டிருந்தன. வீடு போய்விட்டது, கிடுகு போய்விட்டது, மாமாவின் வீட்டுச் சுவரில் பாதி போய்விட்டது. பாவம் மட்டும் நிழல் தரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. காணி அளக்க வந்தவர்களும் எல்லை இதுதான் என்று மரத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்களாம்.

"அதெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சாச்சுத் தம்பி," என்றார் மரியதாஸ். "ஊரே போனாப் பிறகு வேலியென்ன, வாய்க்காலென்ன. உம்மடை மாமாவுக்கு அப்பிடிச் சொல்லும். நண்டு சாப்பிடுவீரோ?"

எப்பவோ மன்னிச்சாச்சு என்று சொன்னதிலேயே என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நண்டு என்றதில் மீதியும் குளிர்ந்தது. இவ்வளவு சுலபமா? மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்றால் என் பாவங்களையும் கொண்டு வந்திருப்பேனே என்று தோன்றியது. நண்டுக் குழம்பில் முருங்கையிலை போட்டிருந்தார்கள். மாமாவின் வர்ணனைகளில் பொய்யே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, இடது கையால் மாமாவை அழைத்து, "மன்னிச்சிட்டாராம் மாமா!" என்றேன். அந்தப் பக்கம் மாமா அழுதார். இந்தப் பக்கம் மரியதாஸ் அழுதார். எனக்கு மிளகாயில் கண் கலங்கியிருந்ததால் மூன்று பேரும் அழுதோம் என்றே சொல்லலாம்.

அப்போது குசினிக்குள் ஒரு சட்டி சத்தமாக வைக்கப்பட்டது.

"இவர் ஆர் மன்னிக்க?"

றோசலின் அக்கா வாசலில் வந்து நின்றார். "இது என்ரை அம்மா எனக்குச் சீதனமாத் தந்த காணி. இவர் கட்டின சாரத்தோடை வந்தவர். அங்காலை கிடக்கிறது உம்மடை மாமி பிலோமினாவின்ரை சீதனம். உம்மடை மாமாவும் சாரத்தோடை வந்தவர்தான். ரெண்டு சாரமும் சேந்து ஆரின்ரை காணிக்கு மன்னிப்புக் குடுக்கிறியள்?"

மரியதாஸ் வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதில் இல்லாத ஓட்டை ஒன்றைத் தேடத் தொடங்கினார்.

எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பட்டா அப்பா பேரில் இருக்கும், அப்பாவுக்குப் பிறகு அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள். இங்கே நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டு வளவுக்குக் குடி வருகிறார். அதாவது, தனக்குச் சொந்தமில்லாத காணிக்காக மாமா பாவம் செய்தார். தனக்குச் சொந்தமில்லாத காணிக்காக மரியதாஸ் மன்னித்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத நான் நடுவில் உட்கார்ந்து நண்டு தின்றேன்.

"கிணத்துக்குத் தண்ணிக்குப் போனது ஆர்?" என்றார் அக்கா. "இவர் கடலிலை நிப்பார். நான் குடத்தோடை படலையைத் திறந்து, ஒழுங்கையாலை தெருச் சுத்திப் போய், சுத்தி வந்தனான். இப்ப மோட்டர் இருக்கு. கரண்ட் நிண்டால் இப்பவும் அந்தச் சுத்துத்தான்."

"அக்கா, மாமாவோட சார்பா நான்..."

"அவருக்கு வாய் இல்லையோ?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏதாவது வழி கிடைக்குமா என்று அந்த ஊர்க் கோயிலுக்குப் போனேன். சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த குருமார் இரண்டு பேர் முன்னால் நீளமான வரிசைகள். அந்தப் பங்குச் சாமியார் முன்னால் யாருமே இல்லை. அவர் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் நடந்தபோது வரிசையில் நின்ற பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அங்காலை போகாதேங்கோ. அவருக்கு எங்கள் எல்லாரையும் தெரியும். இவர் மன்னாராலை வந்தவர், ஒண்டும் தெரியாது. இதிலை நில்லுங்கோ."

கடவுளுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, பங்குச் சாமியாருக்குத் தெரியக்கூடாது. இதில் மட்டும் திருச்சியும் மயிலிட்டியும் ஒன்றுதான். என்னை இங்கே யாருக்கும் தெரியாது என்கிற தைரியத்தில் பங்குச் சாமியாரிடமே போய் முழங்காலில் நின்று மாமாவின் பாவத்தை விரற்கடை விடாமல் சொன்னேன். சொன்னது என் வாய் என்பதால் இதை இங்கே எழுத எனக்கு உரிமை உண்டு.

முழுவதும் கேட்டார். "இது உம்மடை பாவமோ?"

"மாமாவோடது சாமி."

"மாமாவின்ரை பாவத்துக்கு உமக்கு எப்பிடி மன்னிப்புத் தாறது? மாமாவுக்கு ஊசி போடோணுமெண்டால் உம்மடை கையிலை போட்டாச் சுகம் வருமோ? உம்மடை பாவத்தைச் சொல்லும்."

என்னிடம் எப்போதும் தயாராக மூன்று பாவங்கள் உண்டு. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், செபம் சொல்ல மறந்தேன். ஒப்பித்தேன்.

"உது எப்ப பாடமாக்கினது?"

"சின்ன வயசுல புதுநன்மை வாங்கினப்ப, சாமி."

"அப்ப உமக்கு இன்னும் பள்ளிக்கூடம் விடேல்லை." அவர் சிரித்த சத்தம் கேட்டு மன்னார் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "சரி, கேளும். உமக்கு வாய் கூடிப்போச்சு. அபராதம் இதுதான். அந்த மனிசியிட்டைப் போய் இரும். அவ சொல்லுறதை முழுக்கக் கேளும். மறுமொழி சொல்லாதையும். பகிடியும் விடாதையும்."

ஐம்பத்து மூன்று மணிகள் உருட்டும் செபமாலை என்றால் ஆட்டோவிலேயே முடித்திருப்பேன். இது கடுமையான தண்டனை.

வெளியே நிசாம் ஆட்டோவில் படுத்திருந்தார். "என்ன அண்ணை, முடிஞ்சுதோ?" என்றார். இனிமேல்தான் ஆரம்பம் என்றேன்.

றோசலின் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே பலகையில் உட்கார்ந்தேன். "சொல்லுங்கக்கா," என்றேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. என் மனைவி இதை நம்ப மாட்டாள்.

அவர் முதலில் வேலியைப் பற்றிப் பேசவே இல்லை. கலியாணத்தில் யார் யார் வந்தார்கள், எந்த முகாமில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், திரும்பி வந்தபோது கிணற்றுக்குள் என்னென்ன கிடந்தன என்றெல்லாம் சொன்னார். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கதை. ஏழெட்டு இடங்களில் எனக்கு அருமையான பகிடிகள் தோன்றி நாக்கு நுனிவரை வந்து செத்தன. கடைசியில் ஒரு பாரை மீனின் தலையைத் தட்டும்போது அந்தக் கதை வந்தது.

"கடைசிப் பெடியன் வயித்திலை. மழை. ஒழுங்கையெல்லாம் சேறு. குடத்தோடை வழுக்கி விழுந்தன். குடம் உடைஞ்சு போச்சு. நான் எழும்பேலாமல் கிடக்கிறன். வேலிக்கு மேலாலை உம்மடை மாமாவின்ரை தலை தெரியுது. என்ரை பாதையிலை நிண்டுகொண்டு என்னைப் பாக்கிறார். என்ன சொன்னவர் தெரியுமே?"

நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"'பாத்து நடவுங்கோ அக்கா' எண்டு சொன்னவர்."

கத்தி பலகையில் ஒருமுறை விழுந்தது.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. இப்ப பிரான்சிலை நிக்கிறான், கோல் எடுக்கிறான் இல்லை, அது வேறை கதை. வேலியை நான் எப்பவோ மறந்திட்டன் தம்பி. அந்தச் சொல்லைத்தான் மறக்கேலாமக் கிடக்கு."

சாமியாரின் அபராதத்தை அந்த நிமிடத்தில் மட்டும் சிரமமில்லாமல் நிறைவேற்றினேன்.

அடுத்த நாள் காலை, அக்காவின் சம்மதத்தோடு, பூவரச வரிசைக்கு முன்னால் நின்று மாமாவை வீடியோவில் அழைத்தேன். மாமாவின் முகம் வந்தது. நான் கைப்பேசியை மரங்கள் பக்கம் திருப்பினேன். அதுதான் தப்பாகிவிட்டது.

"ஐயோ, என்ரை பூவரசு! என்ன வடிவா வளந்திருக்கு! மருமோன், கிட்டக் கொண்டுபோங்கோ! அந்த நடு மரம், அது நான் தெல்லிப்பழையாலை கொம்பு கொண்டுவந்து நட்டது!"

"ஓம், வடிவுதான்," என்றார் றோசலின் அக்கா. "எல்லா வடிவும் என்ரை காணிக்குள்ளைதான் நிக்குது."

மாமா திடுக்கிட்டு இருமினார். "றோசலின் அக்கா... எல்லாத்தையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பாதையை எடுங்கோ. ஆனால் மரத்தை வெட்ட வேண்டாம், பாவம். உயிருள்ள சீவனெல்லே."

திருடிய மாட்டுக்குப் புல் போடச் சொல்லி உபதேசிக்கிற பக்தியைப் பார்த்து எனக்கே கூசியது. கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாமியின் சீதனம் அடுத்தபடி என் மனைவிக்குத்தான் வரும். மாமா மரத்தைக் காட்டச் சொன்ன நொடியில், 'நம்ம மரம் நல்லாத்தான் இருக்கு' என்று என் மனதும் சொல்லியிருந்தது. பாவத்தைச் சுமந்து வந்த தூதன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் உண்மையில் அதன் வாரிசு.

ஆகவே என் அபராதம் நேற்றோடு முடிந்தது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன். "மாமா, 'பாத்து நடவுங்கோ அக்கா'ன்னு சொன்னீங்களாமே."

திரையில் மாமா அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அது... அவவுக்கு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு மாமா."

"எனக்கும் இருக்கு," என்றார் மெதுவாக. "பாதரிட்டை நான் வேலியை மட்டும்தான் சொன்னனான்."

கைப்பேசி சரிந்து வீட்டுக் கூரையைக் காட்டியது. யாரோ அதைப் பிடுங்கினார்கள். மாமியின் முகம் பாதி தெரிந்தது.

"றோசலின்? பிலோமினா கதைக்கிறன். என்ரை சீதனக் காணி, நான் சொல்லுறன். மரத்தைத் தறிச்சுப்போட்டு உன்ரை பாதையை எடு. காலமை எழும்பிப் பாத்தா வேலி தள்ளி நிக்கும். கேட்டா, மழைக்கு மண் அரக்கிப்போட்டுது எண்டுவார். எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதை. அந்தப் பாதையிலை முருங்கை நட்டது நான்தானே."

"தெரியும். காயும் நல்ல காய்," என்றார் றோசலின் அக்கா.

ஆண்கள் ஒரு சாமியாரையும் ஒரு டாக்டரையும் ஒரு விமானத்தையும் வைத்துக்கொண்டு தடுமாறிய காரியத்தை, தெருவில் பாண் ஆட்டோவின் பாட்டு முடிவதற்குள் இவர்கள் முடித்துவிட்டார்கள். பிறகு யார் யார் செத்தார்கள், யார் மகள் யாரோடு போனாள் என்று பேசிப் பேசி என் கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்தது.

மரியதாஸ் கோடாலியும் கடப்பாரையும் எடுத்து வந்தார். நிசாம் சட்டையைக் கழற்றி ஆட்டோவில் போட்டுவிட்டு வந்தார். நானும் கோடாலியை வாங்கி நாலு வெட்டு வெட்டினேன், அதில் இரண்டு மரத்தில் பட்டது. மற்றவர்கள் மரியாதையாக அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிணற்றுக்கு நேரே நின்ற மூன்று மரங்கள் சாய்ந்தன. அடிக்கட்டை மட்டும் நின்றது. மிச்சத்தை ஆறுதலாகப் பாப்பம் என்றார் மரியதாஸ். நிசாம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெட்டிய இடைவெளியைப் பார்த்தார்.

"ஒண்டு முடிஞ்சுது," என்றார்.

கொஞ்சம் மின்சாரம் ஏற்றிக் கைப்பேசியைத் திறந்தபோது மாமாவின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. நாளைக் காலை மறுபடி சாமியாரிடம் போகிறாராம். "இந்த முறை சொன்ன சொல்லையும் சேத்துச் சொல்லப்போறன் மருமோன்," என்றார். குரலில் அழுகை இல்லை. வேலிக்காக அழுதபோது இருந்ததைவிட இப்போது அது மோசமாக, அதனாலேயே நம்பும்படியாக இருந்தது.

றோசலின் அக்கா மோட்டாரைப் போடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு, குசினி வாசலிலிருந்து கிணற்றுக்கு நேராக நடந்தார். அடிக்கட்டைகளுக்கு நடுவே கால் வைக்கும்போது 'பாத்து நடங்க' என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. தண்ணீர் அள்ளி, அதே வழியே திரும்பி வந்து, ஒரு பேணியில் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, வந்த வேலையைக் கேட்டேன். "அக்கா, அப்ப மன்னிச்சிட்டீங்கன்னு மாமாகிட்ட சொல்லிடட்டுமா?"

"ஒப்பரேசன் முடிஞ்சு நேரிலை வந்து கேக்கச் சொல்லும்."